வாசல் தாண்டாதவர்களுக்கு ஒரு வகுப்பு: தெருவில் முதியோர் உடற்பயிற்சிக் குழுவைத் தொடங்கி நடத்தும் முறை

காலை ஆறு மணிக்குப் பூங்காவில் கை வீசி நடப்பவர்களுக்காக நீங்கள் எதையும் தொடங்க வேண்டியதில்லை. அவர்கள் எப்படியும் நடப்பார்கள். உடற்பயிற்சிக் குழு என்று ஓர் அறிவிப்பு ஒட்டினால் முதலில் வந்து நிற்பவர்களும் அவர்கள்தான். பதினைந்து பேர் சேர்ந்ததும் நடத்துபவருக்கு மனம் நிறைந்துவிடும். காலையில் நாற்காலி, மதியம் கட்டில், மாலையில் டிவி என்று இருக்கும் அடுத்த வீட்டுப் பாட்டி மட்டும் வந்திருக்க மாட்டார். இந்த வழிகாட்டி அவருக்காகவும், பணி ஓய்வு பெற்ற பிறகு மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளேயே சுருங்கிவிட்ட தாத்தாக்களுக்காகவும். இடம், நேரம், பயிற்சி, பேச்சு எல்லாவற்றையும் வராதவரை மனதில் வைத்து முடிவு செய்தால் வருகிறவர்களுக்கும் அது பொருந்தும். வருகிறவர்களை வைத்துத் தொடங்கினால் மற்றவர்கள் கடைசிவரை வரமாட்டார்கள்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. நடக்கக்கூடியவர்களுக்கு நல்ல ஏற்பாடு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவருக்கு எட்டு கிலோமீட்டர் என்பது வேறு ஊர். அவருக்கு நடைக்கு முன்னால் தேவைப்படுவது தொடையில் வலுவும், நிற்கும்போது தடுமாறாத சமநிலையும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையும் இதை ஒட்டியே இருக்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயது தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அந்தப் பரிந்துரை எடுத்துவிட்டது. மூன்று நிமிடம் செய்தாலும் கணக்கில் சேரும். முதல் நாள் வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். பாதி பயம் போய்விடும்.

இடம்

பூங்காதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கே கழிப்பறை இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருமினாலோ வேகமாக எழுந்தாலோ சிறுநீர் கசியும் தொல்லை வயதான பெண்கள் பலருக்கு உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை; “எனக்கு இதெல்லாம் வேண்டாம்மா” என்று மறுத்துவிடுவார்கள். இருபதடி தூரத்தில், உட்கார்ந்து எழ வசதியான மேற்கத்திய பாணிக் கழிப்பறை இருக்கும் இடம் கிடைத்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறை, பகலில் சும்மா கிடக்கும் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், நூலக வராந்தா, சமுதாயக் கூடம் என்று தேடுங்கள். நுழைவில் இரண்டு படிக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் கைப்பிடி வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் மேல் துடைத்த ஈரம் இருந்தால் அன்றைய வகுப்பு கால் மணி தள்ளிப் போகட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடம் பங்குனி தொடங்கினால் உதவாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திறந்தவெளி உதவாது. ஆண்டு முழுவதும் நடக்க வேண்டுமென்றால் காற்றோட்டமுள்ள காரைக் கட்டடமே சரி.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தில் நடத்தினால் இஸ்லாமியப் பெண்கள் வரத் தயங்குவார்கள். தேவாலயக் கூடத்தில் நடத்தினால் இன்னொரு தரப்பு தயங்கும். ஒரு சாதிச் சங்கத்தின் கட்டடம் என்றால் மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். வாடகை இல்லை என்பதற்காக அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்போது யார் யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று தெரிந்து எடுங்கள். பள்ளி, நூலகம், மாநகராட்சிக் கூடம் போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, நாளும் நேரமும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். வாய்மொழி அனுமதி அடுத்த முகூர்த்த நாளில் காணாமல் போகும்.

நேரம்

விடியற்காலை வேண்டாம். வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அது காபி, டிபன், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம். பல பேருக்கு மூட்டு விறைப்பும் காலையில்தான் அதிகம். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வருபவரும் இருப்பார். காலை 10.30 முதல் 11.15 வரை பெரும்பாலான தெருக்களுக்குப் பொருந்தும்: டிபன் செரித்திருக்கும், மதியச் சமையல் இன்னும் ஏறியிருக்காது. மருமகள் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகமென்றால் மாலை 4.30. வாரம் இரண்டு நாள் போதும், மூன்று நாள் நல்லது. செவ்வாய், வெள்ளி இரண்டையும் தவிருங்கள். கோயில், பூஜை, எண்ணெய்க் குளியல் என்று ஏதாவது குறுக்கே வரும். திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் இருங்கள். மாறும் நாளை வயதானவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஒருமுறை வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் அடுத்த முறை கிளம்ப மாட்டார்.

ஆள் சேர்ப்பது

சுவரொட்டி, வாட்ஸ்அப் செய்தி இரண்டும் நடப்பவர்களைத்தான் கூட்டி வரும். வீட்டில் இருப்பவரை நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். தெருவில் யார் வெளியே வருவதில்லை என்று பூக்காரம்மாவுக்கும் பால்காரருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நோயாளிகளின் பட்டியலைக் கேட்காதீர்கள், அது தவறு. “இப்படி ஒரு வகுப்பு நடக்கிறது, போய்ப் பாருங்கள்” என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். போகிற இடத்தில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

“உடற்பயிற்சி” என்ற சொல்லைக் கேட்டதும் பலர் முகம் மாறும். “பத்தரை மணிக்கு நாலு பேர் உட்கார்ந்து பேசுவோம், கை காலை கொஞ்சம் நீட்டி மடக்குவோம், டீ உண்டு, வந்து சும்மா பாருங்க பாட்டி” என்பது வேலை செய்யும். சும்மா பார்க்க வருகிறவரை உண்மையாகவே சும்மா பார்க்க விடுங்கள். இரண்டாவது வகுப்பில் உட்கார்ந்த இடத்தில் அவர் கால் தானாக அசையும்.

வழித்துணை ஒன்றை முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள்: நடக்கத் தயங்கும் ஒவ்வொருவருக்கும் அதே தெருவில் ஒருவர், போகிற வழியில் கதவைத் தட்டிக் கூட்டி வர. அதைவிட முக்கியம், வராத நாளன்று மாலைக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. “ஏன் வரலை” என்று கேட்கக் கூடாது. “எப்படி இருக்கீங்க, இன்னைக்கு உங்க நாற்காலி காலியா இருந்துச்சு” என்றால் போதும். இரண்டு முறை தொடர்ந்து வராதவரிடம் யாரும் பேசவில்லை என்றால் அவர் போய்விட்டார் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகனும் மகளும் தடுப்பதும் உண்டு. “விழுந்துட்டா யார் பார்க்கிறது?” என்பார்கள். அவர்களை ஒரு வகுப்புக்கு வந்து பின்னால் உட்காரச் சொல்லுங்கள். விழுவதற்கு ஒரு முக்கியக் காரணமே கால் வலுவிழப்புதான் என்று விளக்கலாம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம், கால் வலுவும் சமநிலையும் கொடுத்தே முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. கீழே சொல்லும் பயிற்சிகள் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தவை.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், பிறகு இந்தக் கேள்விகள்: நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வருகிறதா? கடந்த மூன்று மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, கண் உட்பட? கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? எழும்போது தலை சுற்றுகிறதா? இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ உண்டா? ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா? பாதம் மரத்துப்போகிறதா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்த்து வந்த பிறகே பயிற்சி. அதுவரை வந்து உட்கார்ந்து பேசலாம், டீ குடிக்கலாம். மற்றவற்றுக்கு ‘ஆம்’ என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, அவரைச் சுவர் ஓரமாக, உதவியாளர் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்துங்கள். கையில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்து, இறங்காவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தொடக்க அளவாக இரண்டு சோதனைகளை எழுதி வையுங்கள். முதலாவது, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்பது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுப்படி 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12க்குக் கீழும் பெண்களுக்கு 10க்குக் கீழும் சராசரிக்குக் குறைவு. அது அந்த நாட்டு அளவு. உங்கள் குழுவில் ஒருவரின் இன்றைய எண்ணை அவருடைய ஆறு வாரம் கழித்த எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். கையூன்றாமல் எழவே முடியாதவருக்கு ‘கையூன்றி 4’ என்று எழுதினால் போதும். இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான நடையில் போய், திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்பது. 12 வினாடியோ கூடவோ ஆனால் அவர் விழும் வாய்ப்பு அதிகம். சமநிலைப் பயிற்சியில் அவர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். இந்த எண்களை மற்றவர் காதுபட வாசிக்காதீர்கள். போட்டி மூண்டால் பலவீனமானவர்தான் முதலில் விலகுவார்.

சாமான்கள்

நாற்காலிதான் முக்கியமான சாதனம், பெரும்பாலான தவறு நடப்பதும் அதில்தான். வாடகை பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும். எழும்போதல்ல, உட்காரும்போது. ஆகவே எல்லா நாற்காலிகளையும் முதுகு சுவரில் படும்படி சுவர் ஓரமாகப் போடுங்கள், நடுவில் வெற்றிடம் இருக்கட்டும். கால் இணைப்பில் வெண்கோடு போல வெடிப்பு தெரிந்தால் அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிடுங்கள். ஒரே வகை நாற்காலி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் உறுதியும் கூடும், உயரமும் சற்றுக் கூடும். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய உதவி. கைப்பிடி உள்ள நாற்காலி பாதியாவது வேண்டும். நின்று செய்யும் பயிற்சிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடிக்கக் கூடாது, கவிழ்ந்துவிடும். சன்னல் கம்பி, கனமான மேசை, சுவர் இவற்றில் ஒன்றைப் பிடிக்கட்டும்.

ஹவாய் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள செருப்போ ஷூவோ நல்லது. சுத்தமான தரையில் வெறுங்காலும் சரி. பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளி மட்டும் வெறுங்காலில் நிற்கக் கூடாது, குத்தினாலும் தெரியாது. புடவையைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே வரும்படி ஏற்றிச் செருகச் சொல்லுங்கள். கொசுவம் காலில் சிக்கி விழுவது அடிக்கடி நடப்பது. வேட்டியை மடித்துக் கட்டினால் போதும்.

எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அது அரைக் கிலோ. காலில் கட்ட, பழைய துணியில் அரைக் கிலோ மணல் நிரப்பித் தைத்த பை, இரண்டு நாடாவோடு. இவையும் ஐந்தாவது வாரத்துக்குப் பிறகுதான் தேவைப்படும். குடிதண்ணீர், சர்க்கரை டப்பா, ஒரு தேக்கரண்டி, 108 எழுதிய அட்டை, கட்டடத்தின் முழு முகவரி எழுதிய தாள், இவை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பதற்றத்தில் முகவரி யாருக்கும் வாயில் வராது.

ஒரு வகுப்பு, 45 நிமிடம்

ஒரு குழுவில் 12 முதல் 15 பேர். முன்னால் ஒருவர் செய்து காட்டுவார், இன்னொருவர் சுற்றி வந்து பார்ப்பார். ஒருவரே இரண்டையும் செய்தால் பின்வரிசையில் நடப்பது தெரியாது. செய்து காட்டுபவர் இளைஞராக இருக்க வேண்டியதில்லை. 65 வயதுக்காரர் காட்டினால் “நம்மளாலயும் முடியும்” என்று தோன்றும். காது மந்தமானவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும், சொல்லும்போது முகம் காட்டிச் சொல்லுங்கள். பாட்டு போட்டுக்கொண்டே கத்துவது வேண்டாம்.

முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்தபடியே உடம்பைச் சூடேற்றுவது: இருந்த இடத்தில் நடை போடுவது, தோளை முன்னும் பின்னும் சுழற்றுவது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, விரல்களை மூடித் திறப்பது. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். இடம், வலம் பார்த்தால் போதும், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

அடுத்த பதினைந்து நிமிடம் வலுவுக்கு. இதில் உட்கார்ந்து எழுவதே தலையாயது, அதைச் சரியாகக் கற்றுக்கொடுக்க ஒரு முழு வகுப்பு செலவானாலும் பரவாயில்லை. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், இடுப்பு அகலத்தில் வைக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. அந்த இறக்கத்திலும் வலு ஏறும். முன்னால் சாயாமல் நேராக எழ முயல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு, முழங்கால் வலிப்பதும் அதனால்தான். முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் பாதங்களை இன்னும் அகற்றச் சொல்லுங்கள். முதலில் ஐந்து முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து.

எல்லோரும் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது, மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும். குழுவில் பேசாத ஆட்கள் பேசத் தொடங்குவதும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி மூன்று எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் எட்டு. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு கை தூரத்தில் நின்று, முழங்கையை மடக்கி நெருங்கி விலகுவது, எட்டு. சன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து, விரல் பக்கத்தை உயர்த்தி இறக்குவது பத்து. காலைப் பக்கவாட்டில் தூக்குவது, உடம்பு சாயாமல், எட்டு.

பிறகு எட்டு நிமிடம் சமநிலை. நான்கு படிகள்: பாதங்களைச் சேர்த்து நிற்பது, ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் வைத்து நிற்பது, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொன்றும் 10 வினாடி. ஒரு படியில் தடுமாறாமல் 10 வினாடி நின்றவர்தான் அடுத்ததுக்குப் போகலாம். பிடிப்பையும் இப்படியே குறைக்க வேண்டும்: இரண்டு கை, ஒரு கை, ஒரு விரல், பிறகு பிடிக்காமல் கம்பிக்கு மேலே கையை வைத்திருப்பது. கண்ணை மூடச் சொல்லும் வித்தையெல்லாம் இந்தக் குழுவுக்கு வேண்டாம்.

ஐந்து நிமிடம் கூடத்தைச் சுற்றி நடை. வேகத்தை அறிய எளிய வழி உண்டு: பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம், பேசவே முடியாவிட்டால் நிறுத்தி ஓய்வு. மீதி நேரம் உட்கார்ந்து மூச்சு, கெண்டைக்கால் நீட்டல். முடித்ததும் சடாரென்று எழ விடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அப்போதுதான் கண் இருட்டும்.

பிறகு டீ. இதை நேரம் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று விடக் கூடாது. இருபது நிமிடம் வகுப்பு நேரத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பலர் பத்து வாரம் கழித்தும் வருவதற்குக் காரணம் தொடை வலுவாக இருக்காது, அந்த டீ நேரத்துப் பேச்சாகத்தான் இருக்கும். சர்க்கரை இல்லாத டீ தனியாக ஒரு பிளாஸ்கில் இருக்கட்டும்.

வாரம் ஏற ஏற

உட்கார்ந்து எழுவதை முதல் இரண்டு வாரம் ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று செய்யட்டும். மூன்றாம், நான்காம் வாரம் எட்டு எட்டாக. ஐந்தாம், ஆறாம் வாரம் பத்து பத்தாக. கடைசி இரண்டு முறை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். பத்தும் எளிதாகப் போனால் எண்ணிக்கையைக் கூட்டாமல் கடினத்தைக் கூட்டுங்கள்: அடுக்கிய நாற்காலியிலிருந்து ஒற்றை நாற்காலி, கைப்பிடியிலிருந்து கையூன்றாமல், பிறகு மார்பருகே தண்ணீர் பாட்டில். மூன்றாம் மாதத்திலும் முதல் வாரத்து ஐந்தையே செய்துகொண்டிருக்கும் குழுக்கள் நிறைய. அதில் இளைப்பாறல் உண்டு, வலு ஏறாது.

பயிற்சிகளின் வரிசையை வாராவாரம் மாற்றாதீர்கள். ஜப்பானில் 1928 இல் வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சி இன்றும் பூங்காக்களில் முதியவர்களைக் கூட்டுகிறது. அதே இசை, அதே வரிசை என்பதால் யோசிக்காமல் உடம்பே அடுத்ததைச் செய்துவிடுகிறது. “சலிப்பாக இருக்குமே” என்பது நடத்துபவரின் கவலை. புதிதாக வருபவரின் கவலை “தப்பாகச் செய்துவிடுவோமோ” என்பது. எட்டு வாரம் ஒரே வரிசை இருக்கட்டும்.

அதற்குப் பிறகு விளையாட்டைச் சேர்க்கலாம். கும்மிக்கு இணையாக வேறொன்றும் இல்லை: வட்டமாக அடி வைப்பது, பக்கம் திரும்புவது, கைதட்டுவது, பாடுவதால் மூச்சும் ஒழுங்காவது. எட்டுப் பேர் வட்டம், நாற்காலிகள் வட்டத்துக்கு வெளியே. குனிந்து தட்டுவதை இடுப்பு உயரத்தோடு நிறுத்துங்கள், சுழன்று திரும்பும் அடவை விட்டுவிடுங்கள், பாதிப் பாட்டில் திசையை மாற்றுங்கள். ஆண்களுக்குக் கூச்சம் என்றால் வட்டமாக உட்கார்ந்து பந்தை எறிந்து பிடிப்பது, நின்றபடி பலூன் தட்டுவது. இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் 2011 இல் தொடங்கிய ‘நடைக் கால்பந்து’, ஓடக் கூடாது என்ற ஒரே விதியை வைத்தே முதியவர்களைக் களத்துக்குத் திரும்ப வைத்தது. அதே விதியை நம் பந்தாட்டத்துக்கும் போடலாம், ஓடுபவர் ஆட்டத்திலிருந்து ஒரு சுற்று வெளியே.

கோளாறு வரும் இடங்கள்

மூன்றாவது வாரத்தில் வருகை குறையும். காரணம் பெரும்பாலும் வலி. பழகாத தசை ஓரிரு நாள் வலிப்பது இயல்பு என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூட்டு வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பத்துக்கு மூன்று, நான்கு வரை வலித்து மறுநாள் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். மறுநாளும் வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவர்.

தரையில் பாய் விரிக்கும் யோகா ஆசிரியர் ஒருவர் நல்ல மனதோடு உதவ வருவார். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர் அங்கே அவமானப்பட்டு வீட்டுக்குப் போவார். நாற்காலியில் செய்யக்கூடியதை மட்டும் சொல்லித்தரக் கேளுங்கள்.

கெட்டிக்காரர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் வேகமாகச் செய்து காட்டுவார். அவரைத் திட்ட வேண்டாம், இரண்டாவது உதவியாளர் ஆக்கிவிடுங்கள்.

வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், எரிச்சல் தென்பட்டால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சுயநினைவோடு விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் காத்திருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை, கூடவே 108. தெளிந்த பிறகு பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வேண்டும், அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, நெஞ்சில் அழுத்தம் என்றாலோ காத்திருப்பே கிடையாது, உடனே 108.

யாராவது விழுந்தால் நான்கு பேர் சேர்ந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதுதான் நம் வழக்கம். தோள் பிசகுவதும், முறிந்த இடுப்பு மேலும் கெடுவதும் அதனால்தான். இப்படிச் செய்யுங்கள்:

1. அப்படியே படுத்திருக்கச் சொல்லி, எங்கே வலி, தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் அசைக்காமல் 108.
2. ஒன்றுமில்லை என்றால் பக்கவாட்டில் திரும்பி, மெல்லக் கையும் முழங்காலுமாகத் தவழும் நிலைக்கு வரட்டும்.
3. முன்னால் ஒரு உறுதியான நாற்காலியை வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். விழுந்தவர் இருக்கையில் இரு கையையும் ஊன்றட்டும்.
4. வலுவான காலின் பாதத்தை முன்னால் வைத்து, கையை ஊன்றி அவரே எழட்டும். பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்தி உட்கார வையுங்கள்.

தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். விழுந்ததை நோட்டில் எழுதுங்கள்: நேரம், இடம், காலணி, என்ன பயிற்சி. இரண்டு முறை ஒரே இடத்தில் விழுந்தால் பிரச்சினை தரையில்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. டீச் செலவுக்கு ஒரு உண்டியல் போதும், யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி. மாதக் கட்டணம் வைத்தால் வருமானமில்லாத பெண்கள் மகனிடம் கேட்கத் தயங்கி நின்றுவிடுவார்கள். நன்கொடையாளரின் பெயர்ப்பலகையோ கட்சிக் கொடியோ கூடத்துக்குள் வந்தால் அடுத்த வாரமே குழு இரண்டாகும்.

ஆறாவது, பன்னிரண்டாவது வாரங்களில் பழைய சோதனைகளைத் திரும்பச் செய்து, அவரவர் எண்ணை அவரவருக்கு மட்டும் காட்டுங்கள். நான்கு என்பது ஏழானால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் வீட்டு மொழியில் சொல்லுங்கள்: கழிப்பறையில் கைப்பிடி தேடாமல் எழலாம், பேருந்துப் படியில் ஏறலாம். பன்னிரண்டு வாரத்துக்குள் குழுவிலிருந்தே இரண்டு பேருக்கு வகுப்பெடுக்கப் பழக்குங்கள். முதலில் சூடேற்றும் எட்டு நிமிடம் மட்டும், பிறகு சமநிலை, பிறகு முழு வகுப்பு. ஒருவரை மட்டும் நம்பிய குழு அவர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனதும் கலையும்.

தீபாவளி, பொங்கல், ஆடி வெள்ளிகள், முகூர்த்த மாதங்கள் என்று இடைவெளி வந்தே தீரும். விடுமுறைக்கு முந்தைய வகுப்பிலேயே திரும்பத் தொடங்கும் தேதியைச் சொல்லி, பெரிய எழுத்தில் எழுதிய சீட்டைக் கையில் கொடுங்கள், வீட்டு நாட்காட்டியில் ஒட்டிக்கொள்ளட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று வகுப்பில் ஏற்றிக்கொள்ளலாம். காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு முதல் வாரத்து ஐந்துதான், அதுவும் கையூன்றி.